மூன்றாவது சோற்றுப் பெட்டி

குவைத்திலிருந்து நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது என் கைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒன்பது வருஷம் அங்கே ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தேன். விடிவதற்கு முன் எழுந்தால் படுக்கும்வரை கையும் காலும் ஓயாது. டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தால், என் வீட்டுக்காரர் தானே சமைத்து, தானே துவைத்துப் பழகிவிட்டிருந்தார். மகள் கல்யாணமாகி பூண்டுலோயாவுக்குப் போய்விட்டாள். காலையில் அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குக் கிளம்பியதும் லயமே காலியாகிவிடும். பெண்களெல்லாம் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருப்பார்கள். தோட்டத்து வேலைப் பட்டியலில் எனக்கு இருந்த பேரை, நான் வெளிநாடு போன வருஷமே வெட்டிவிட்டார்கள். இரண்டு காம்பராவைக் கூட்டிப் பெருக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

துடைத்த தட்டுகளையே திரும்பத் துடைத்தேன். அலமாரியிலிருந்த டின்களை இறக்கி வைத்து, திரும்ப ஏற்றினேன். பத்து மணிக்கெல்லாம் வாசலுக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் நாலு தரம் நடந்திருப்பேன்.

"ஒனக்கு உக்காரத் தெரியாமப் போச்சு," என்றார் வீட்டுக்காரர். குறையாகச் சொன்னாரா, பரிதாபப்பட்டுச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை.

அப்படித்தான் செடி வைக்க ஆரம்பித்தேன். லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருந்தது. ஆனால் ஒரு பெருமழைக்குப் பிறகு அந்தச் சரிவில் வெடிப்பு விட்டிருந்தது. பார்க்க வந்த அதிகாரிகள் அங்கே மண்வெட்டி வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். முன்னால் சிமெண்டுத் திட்டும் மழைத்தண்ணீர் ஓடும் கானும்தான். அதனால் பழைய உரப் பைகள், பெயிண்ட் வாளிகள், உடைந்த பேசின் என்று கிடைத்ததிலெல்லாம் மண்ணைப் போட்டுத் திட்டில் வரிசையாக வைத்தேன்.

முதல் தரம் வைத்ததெல்லாம் செத்தது. மழைக்குக் கானில் வந்து படிந்த மண்ணை அள்ளி நிரப்பியிருந்தேன். இரண்டு வெயிலுக்கு அது செங்கல் மாதிரி இறுகி, ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது. பிறகு டவுனில் விற்கும் மண் பை வாங்கிப் போட்டேன். அதில் தண்ணீர் நிற்கவே இல்லை. மிளகாய்க் கன்றுகள் ஒரு விரல் உயரத்தோடு நின்று, மஞ்சளாகி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நான் தினமும் காலையும் மத்தியானமும் சாயங்காலமும் போய் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கன்றைப் பிடுங்கித் திரும்ப நட்டதும் உண்டு.

அதன் பிறகுதான் போனில் மண்ணைப் பற்றிப் பேசுகிறவர்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். தமிழ்நாட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் சொன்னது மனசில் தங்கியது. செடிக்குச் சாப்பாடு போடாதீர்கள், மண்ணுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குப் போடுங்கள், அதுகள் செடியைப் பார்த்துக்கொள்ளும் என்றார். நல்ல மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் முதல் மழையின் வாசம் வர வேண்டுமாம். என் பைகளுக்குள் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை.

திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். சலித்த கான் மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி ஒரு பங்கு, தேங்காய்த் தும்புத்தூள் ஒரு பங்கு. தேயிலை வளர்ந்த மண் புளித்த மண், அதற்கு அடுப்புச் சாம்பல் ஒரு கை, நொறுக்கிய முட்டை ஓடு ஒரு கை. வீட்டுக்காரருக்கு வலப்பனைக்கு ஒரு ஆட்டோ ஓட்டம் கிடைத்தபோது அங்கே ஒரு அரிசி ஆலையில் ஒரு பை உமி வாங்கிவரச் சொன்னேன். அதைத் தகர டின்னில் போட்டு, முழுக்கச் சாம்பலாகிவிடாமல் கரியாகக் கருக்கி எடுத்தேன். அந்த உயிர்கள் குடியிருக்க உமிக்கரியில் இடம் இருக்குமாம். குடியிருக்க இடம் ஆயிற்று, குடியிருக்கிறவர்களை எங்கிருந்து கொண்டுவருவது?

அதற்கும் போனில் வழி இருந்தது. அரை வேக்காட்டுச் சோற்றை மரப்பெட்டியில் பரப்பி, வாயில் பருத்தித் துணியைக் கட்டி, காட்டுக்குள் மக்கிய சருகுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். காட்டு மண்ணில் இருப்பதெல்லாம் சோற்றுக்கு ஏறிவரும். நாலைந்து நாளில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். நம் குளிருக்கு ஒரு வாரம் வேண்டும்.

மரக்கறிப் பெட்டியின் பலகையை அறுத்துப் பெட்டி அடித்துத் தரச் சொன்னபோது வீட்டுக்காரர் கேட்டார்.

"சோத்தக் கொண்டுபோய் காட்டுல பொதைக்கிறதுக்கா வெளிநாட்டுல இருந்து வந்த?"

"அடிச்சுக் குடுங்க. ஒன்னும் கெட்டுப் போவாது."

அடித்துக் கொடுத்தார். ஒன்றுக்கு மூன்றாகவே அடித்தார்.

முதல் பெட்டியை ஆற்றோரத்துக் காட்டில், லயத்திலிருந்து பத்து நிமிஷ நடையில் வைத்தேன். எலியும் பன்றியும் இழுக்காமலிருக்க மேலே கம்பி வலை சுற்றி, கல் ஏற்றினேன். திறக்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் தினம் போய், துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். நாலாம் நாள் வரைக்கும் வெறும் சோறு. ஏழாம் நாள் தூக்கினால், சோறு முழுக்கப் பஞ்சு மூடியிருந்தது. நான் அங்கேயே சருகின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கு வந்த பிறகு நான் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஹட்டனில் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் உடைந்த கித்துள் கருப்பட்டி வாங்கி, பூஞ்சை பிடித்த சோற்றோடு சம அளவுக்குப் பிசைந்து, மண் சட்டியில் துணி கட்டி வைத்தேன். ஒரு வாரத்தில் கள்ளு வாசம் அடித்தது. அதைத் தண்ணீரில் கரைத்துத் தவிட்டில் தெளித்து, குவித்து, சாக்குப் போட்டு மூடினேன். மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. ஆறவிட்டு, பைக்கு இரண்டு கைப்பிடி வீதம் மண்ணில் கலந்தேன்.

ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் தண்டு பருத்தது. போஞ்சிக் கொடி சுவரைப் பிடித்து ஏறியது. பையைக் கிளறினால் வெள்ளை நூல் நூலாக ஓடியிருக்கும், வாசமும் வந்தது. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்தது என் அண்ணி.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கீழ் லயத்தில் தனியாக இருக்கிறார். புருஷன் இல்லை, மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். முப்பது வருஷமாகக் கொழுந்தெடுக்கிறவர். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற வழியில் தினம் எங்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்து ஒரு தேத்தண்ணி குடிப்பார். நான் வெளிநாட்டில் இருந்த ஒன்பது வருஷமும் என் மகளுக்குத் தலை சீவிவிட்டதும், பெரிய மனுஷியானபோது சடங்கு செய்ததும் அவர்தான். அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்து பேசியதில்லை.

"என்னா புள்ள, இந்தப் பையில இருக்க லீக்ஸ் மட்டும் என் கை தண்டி இருக்கு?" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பெருமைதான் என்னை நிற்கவிடவில்லை. இரண்டாவது பெட்டியும் ஆற்றோரத்திலேயே வைத்து எடுத்தேன். பைகள் முப்பதைத் தாண்டின. இன்னும் பழைய காடாக இருந்தால் இன்னும் நல்ல உயிர் இருக்கும், இன்னும் மேலே போக வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஏழாம் நம்பர் மலைக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில், யாரும் வெட்டாத ஒரு துண்டுக் காடு இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது. சருகு முழங்கால் ஆழம். மூன்றாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

அங்கே ஒரு பெரிய மரத்தின் கிளையில் மூன்று குளவிக் கூடுகள் தொங்கின. கறுப்பாக, கோணிப்பை தொங்குவதுபோல. நான் அவற்றைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு எத்தனையோ சமயம் வாய்த்தது. ஆனால் பார்த்தேன். தோட்டத்தில் பிறந்தவளுக்குக் குளவிக் கூடு என்றால் என்னவென்று தெரியாதா? உயரத்தில்தானே இருக்கிறது, நான் கீழே வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மரத்திலிருந்து ஒரு இருபது அடி தள்ளி வைத்தேன். அவசரத்தில் கம்பி வலையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் எடுத்துவரப் பொறுமை இல்லை. துணிமேல் இரண்டு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு இறங்கினேன்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். திட்டில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது மேலிருந்து சத்தம் கேட்டது. முதலில் சிரிப்பு மாதிரி இருந்தது. பிறகுதான் அலறல் என்று தெரிந்தது. ஏழாம் நம்பர் மலையின் மேல் நிரைகளிலிருந்து பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். சிலர் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலைச் செடிக்கடியில் குப்புற விழுந்தார்கள். "குளவி! குளவி!" என்று யாரோ கத்தினார்கள்.

கையிலிருந்த மண் அப்படியே இருக்க நான் நின்றுவிட்டேன். எந்தத் திசையிலிருந்து என்று யாரையும் கேட்காமலே எனக்குத் தெரிந்தது.

சாக்குகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆண்கள் பந்தம் கொளுத்திப் புகை போட்டார்கள். கடைசியாக ஐந்து பேரை ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். அவர்களில் அண்ணியும் இருந்தார். அவர் ஓடவில்லையாம். பக்கத்து நிரையில் நின்ற ஒரு சின்னப் பெண் தடுக்கி விழ, அவள்மேல் தன் படங்கை விரித்துவிட்டு மேலேயே படுத்துவிட்டாராம். முகம் எது, கழுத்து எது என்று தெரியாமல் வீங்கியிருந்தது. முடிக்குள் குளவிகள் இன்னும் உயிரோடு இரைந்தன. போன் போட்டு வீட்டுக்காரரை வரவழைத்தேன். ஆட்டோவில் நானும் அண்ணியும் பின்னால். டிக்கோயா ஆஸ்பத்திரி வரும்வரை அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பேச முடியவில்லை, பிடியை மட்டும் விடவில்லை.

மூன்று பேரை அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். அண்ணியையும் இன்னொருவரையும் வைத்துக்கொண்டார்கள். கொடுக்கு அதிகம் ஏறியிருப்பதால் ஒன்றுக்குச் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி காய்ச்சி வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் மேலே ஏறினேன். என் பெட்டி வைத்த இடத்தில் இல்லை. மரத்துக்கு நேர் கீழே கிடந்தது. ஒரு பலகை பெயர்ந்து, துணி கிழிந்து, சோறு சிதறிக் கிடந்தது. சருகெல்லாம் உழுதுபோட்ட மாதிரி இருந்தது. மேலே கிளையில் ஒரு கூடுதான் பாக்கி. பன்றி வந்து தோண்டியிருக்கலாம். ஆனால் பன்றி மரம் ஏறுமா? குரங்குகள் பெட்டியை இழுத்து, சோற்றுக்குச் சண்டை போட்டு, கிளைக்குக் கிளை தாவியிருக்கலாம். அல்லது கழுகு வந்து கூட்டைக் கொத்தியிருக்கலாம். கழுகு கொத்தினால் குளவி கலையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், வருஷா வருஷம் நடப்பதுதான். அப்படி இருந்தால் என் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே நின்று கால் தடம் தேடினேன். எத்தனை தேடியும் எனக்கு வேண்டிய தடம் அங்கே இல்லை.

பலகைகளைப் பொறுக்கி முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தேன். அவை எரிந்து முடிவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். அடுப்பில் எரிகிற பலகையையும் ஆணியையும் பார்த்தார்.

"இது நான் அடிச்சுக் குடுத்த பொட்டிதானே?"

நான் பலகையை அடுப்புக்குள் தள்ளினேன்.

"எங்க வச்சிருந்த?"

"மேல. ஏழாம் நம்பருக்கு மேல."

அவர் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் வாயத் தொறக்காத. அதுனாலதான்னு நமக்கும் தெரியாது. சொல்லிட்டா மட்டும் அவங்களுக்கு வீக்கம் வத்திடுமா?" என்றார்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு நாள் முழுக்க நியாயமாகப் பட்டது.

மூன்றாம் நாள் அண்ணியை அனுப்பினார்கள். தனியாக விட முடியாது என்று எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். வெயில் படட்டும் என்று திட்டில் ஒரு பெஞ்சு போட்டு, என் பைகளுக்கு நடுவில் அவரை உட்கார வைத்தார் வீட்டுக்காரர். நான் தண்ணீர் ஊற்றினால் அண்ணி பார்த்துக்கொண்டிருப்பார். காய்ந்த தழையை மண்மேல் பரப்பி மூடினால், "அது எதுக்கு?" என்று கேட்பார். மண் வெயிலில் காய்ந்தால் உள்ளே இருக்கிறதெல்லாம் செத்துப்போகும் என்று சொல்வேன். தலையாட்டுவார். வீக்கம் வற்றி, தோல் உரிந்து, ஒரு கண் மட்டும் இன்னும் பாதி மூடியிருந்தது. அந்தப் பாதிக் கண்ணோடு அவர் என் செடிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிலைகொள்ளவில்லை. அவருக்குத் தலைகாணி மாற்றுவேன், வெந்நீர் வைப்பேன், மருந்து தடவுவேன், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏதாவது வேணுமா என்று கேட்பேன்.

"சும்மா இரு புள்ள. ஒன்னப் பாத்தா எனக்குத்தான் களைக்குது," என்றார்.

அந்த நாட்களில் செடிகளையும் கெடுத்தேன். கை பரபரக்கும்போதெல்லாம் பைகளுக்கு எதையாவது போட்டேன். சட்டியில் மிஞ்சியிருந்த கருப்பட்டிக் கரைசலை அளவில்லாமல் ஊற்றினேன். பச்சைச் சாணியைக் கரைத்து விட்டேன். நாலு பையில் மண் புளித்து நாற்றமெடுத்தது, போஞ்சி வேர் அழுகியது. அதிகமாகத் தீனி போட்டாலும் அந்த உயிர்கள் கெட்டுவிடும் என்று நான் படித்துத்தான் இருந்தேன்.

எட்டாம் நாள் அண்ணி ஒரு லீக்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உண்மையச் சொல்லு. இந்த மண்ணுல என்னத்தப் போட்ட?"

இதே கேள்வியை அவர் முன்னேயும் கேட்டதுண்டு. காட்டுச் சத்து என்று ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அன்றைக்கு என் வாய் வேறு மாதிரி போய்விட்டது.

"சோறு வச்சேன் அண்ணி. காட்டுல பொட்டியில சோறு வச்சு எடுத்துட்டு வருவேன். கடைசிப் பொட்டிய ஏழாம் நம்பருக்கு மேல வச்சேன். குளவி கலஞ்ச அன்னைக்கு அது அங்கதான் இருந்துச்சு. மறுநா போய்ப் பாத்தேன். ஏதோ இழுத்து ஒடச்சுப் போட்டிருந்துச்சு."

அண்ணி லீக்ஸிலிருந்து கையை எடுத்தார்.

"கூடு இருந்தது தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"மூணு கூடும்?"

"மூணும் பாத்தேன்."

"வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க அந்தப் பக்கமே நிரை புடிச்சிருக்க மாட்டோமே புள்ள."

எட்டு நாளாகப் பெட்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பன்றியா, குரங்கா, கழுகா என்று. கூட்டைப் பார்த்தவள் கீழே வந்து சொல்லியிருக்கலாம் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. காட்டில் என்ன செய்தாய் என்று கேட்பார்களே என்றுதான் நான் சொல்லாமல் இருந்திருக்கிறேன். பெட்டியால் கலைந்ததோ இல்லையோ, இது மட்டும் நிச்சயம் என்னுடையது.

அண்ணி எழுந்தார். உள்ளே போய்த் தன் மாற்றுச் சேலையையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டார். "அண்ணி, கஞ்சியாவது குடிச்சிட்டுப் போங்க" என்றேன். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிக் கீழ் லயத்துக்கு நடந்தார். கால் தடுமாறியது. பிடிக்கப் போனேன். கையை உதறிவிட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. நான் பீலிக்குப் போனால் பெண்கள் எப்போதும்போல் பேசினார்கள். அண்ணி வந்தால் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவார். எங்கள் வாசலுக்குத் தேத்தண்ணி குடிக்க வருவது நின்றது. வீட்டுக்காரர் போய்ப் பேசிப் பார்த்தார். "ஒம் பொண்டாட்டிகிட்ட எனக்கு ஒன்னும் இல்ல. இப்ப அங்க வர முடியல, அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

இரண்டு வாரம் கழித்து நானே கண்டாக்கையாவிடம் போனேன். ஏழாம் நம்பர் மலையைப் பார்த்துக்கொள்கிற வெளி உத்தியோகத்தர் அவர். நடந்ததைச் சொன்னேன். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "சோறு வச்சா குளவி வருமா? போன தரம் நாலாம் நம்பர்ல கலஞ்சிச்சே, அங்க யாரு சோறு வச்சா?" என்றார். பிறகு, "இனிமே காட்டுக்குள்ள போகாதீங்க. புலி வேற நடமாடுது," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் எழுத ஆரம்பித்தார். அவ்வளவுதான். யாராவது கத்தித் திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"கூடு எங்கெங்க இருக்குன்னு கொழுந்தெடுக்கிறதுக்கு முன்னாடி யாராச்சும் பாக்குறாங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"பாக்கணும்தான். ஆள் எங்க இருக்கு?"

"நான் பாக்குறேன். காட்டுக்குள்ள போக மாட்டேன். கடைசி நிரையில நின்னு அண்ணாந்து பாத்துட்டு வந்து சொல்றேன். எனக்கு வீட்டுல வேல ஒன்னும் இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளைக்கு எந்த மலையில் கொழுந்து என்று விசாரித்துக்கொண்டு, அதன் ஓரத்தை முந்தின நாளே சுற்றிவருவேன். மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். காலையில் பெரட்டுக் களத்துக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடுகிற இடத்துக்குப் போய்ச் சொல்வேன். முதல் நாள் பெண்கள் சிரித்தார்கள். "குவைத்துல குளவி பாக்குற வேலையா குடுத்தாங்க?" என்றாள் ஒருத்தி. அன்றைக்கே அவர்கள் எல்லோர் முன்னாலும் ஏழாம் நம்பரில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரியில் அண்ணியோடு இருந்த பெண் என் முகத்துக்கு நேரே வந்து, "நீயெல்லாம் பொம்பளையா?" என்று கேட்டாள். அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. சிலருக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. கழுகுதான் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு.

மண் வேலையை நான் விடவில்லை. ஆனால் பெட்டி வைக்கவில்லை. புளித்துப்போன நாலு பைகளையும் கொட்டி, நிழலில் பரப்பிக் காற்றாட விட்டு, உமிக்கரியும் காய்ந்த இலையும் கலந்தேன். இனி உயிருக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, முதலில் வைத்த பைகளில் ஒன்றைக் கிளறினேன். லீக்ஸ் பிடுங்கி முடிந்து சும்மா கிடந்த பை. தழை மூடாக்குக்குக் கீழே வெள்ளை நூல் ஓடி, இரண்டு மண்புழு சுருண்டிருந்தது. மண் கேக் மாதிரி உதிர்ந்தது. அதில் இரண்டு கை எடுத்துக் கெட்ட மண்ணோடு கலந்து ஈரச் சாக்குப் போட்டு மூடினேன். மூன்று வாரத்தில் நாற்றம் போய்விட்டது. மேலே வெள்ளை பூத்தது.

அப்படியென்றால் மூன்றாவது பெட்டி தேவைப்படவே இல்லை. முதல் பையிலிருந்தே எல்லாப் பையையும் உண்டாக்கியிருக்கலாம். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். வீட்டு வாசலில் கிடந்ததைத் தேடி நான் மலை உச்சிக்குப் போயிருக்கிறேன். இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணி திரும்ப வேலைக்கு வந்தது இரண்டு மாதம் கழித்து. பெரட்டுக் களத்தில் நான் கடைசியாக நின்றிருந்தேன். பனி இறங்கியிருந்தது. அவர் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். இடது இமை இன்னும் முழுக்கத் திறக்கவில்லை.

"எத்தன கூடு?" என்றார். ஐம்பது அறுபது நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ரெண்டு அண்ணி. பாறைக்கு அந்தப் பக்கம். ஒன்னு புதுசு."

"பாறைக்கு எந்த அந்தப் பக்கம்? சரியாச் சொல்லு."

"தண்ணி ஊத்து இருக்குல்ல, அதுக்கு மேல. கான் ஓரத்துல."

"அப்ப நாங்க கீழ் நிரையில இருந்து புடிக்கிறோம்," என்று மற்றப் பெண்களிடம் திரும்பிச் சொன்னார். அவர்களும் சரி என்றார்கள். என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. வரிசையாக ஏறிப் போனார்கள். அவர்கள் இறங்கிவரும்வரை நான் ரோட்டில் நடந்துகொண்டே இருந்தேன்.

இப்போது தினமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். நான் பதில் சொல்கிறேன். சில நாள் அதோடு சேர்த்து, மழை வருமா, உன் மகள் போன் பேசினாளா என்று ஒரு வார்த்தை வரும். வாசலுக்கு இன்னும் வரவில்லை. போன வாரம் ஒரு கட்டு லீக்ஸ் பிடுங்கி, வேர் மண்ணைக்கூட உதறாமல் கீழ் லயத்துக்குக் கொண்டுபோனேன். கதவருகே நின்று நீட்டினேன். வேரிலிருந்த மண்ணைப் பார்த்துவிட்டு வாங்கி உள்ளே வைத்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சமைத்தாரா, யாருக்காவது கொடுத்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. எட்டாம் நம்பர் மலையை இன்னும் பார்க்க வேண்டியிருந்தது, கிளம்பிவிட்டேன்.